குரங்குக்கு ஒரு பல்

மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிளுக்கு ஒரு சத்தம் உண்டு. டிக்கிடிக்கிடிக்கி என்று, யாரோ ஒரு தகர டப்பாவுக்குள் அவசரமாகக் கடுகு எண்ணுவது போல. நேற்று மாலை, இப்போது நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் சரிவில், காய்கறிப் பையோடு ஒரு பெண் அப்படி இறங்கிப் போனாள். கால் சும்மா இருந்தது, சக்கரம் மட்டும் பேசிக்கொண்டே போயிற்று. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான், ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடி, "பதினெட்டு" என்றேன். பக்கத்தில் யாரும் இல்லை. நல்லவேளை.

இந்த வியாதி எனக்குத் திருத்தணியில் தொற்றியது. தொற்ற வைத்தவர் பெயர் இருபத்திரண்டு.

திருத்தணி என்றதும் மலையைச் சொல்வார்கள், படிகளைச் சொல்வார்கள். நான் வேறு ஒன்றைச் சொல்வேன். அந்த ஊரில் யார் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதைத் தீர்மானித்த ஒரே மனிதர் இருபத்திரண்டுதான். போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்துவார்கள், அவ்வளவுதான் அவர்களால் முடியும். ஓடுகிற சைக்கிளின் விதி இவர் கையில் இருந்தது.

சைக்கிளின் பின்சக்கரத்து நடுவில், சங்கிலி கவ்வுகிற சின்னப் பல்சக்கரத்துக்கு ஃப்ரீவீல் என்று பெயர். பழைய கறுப்பு சைக்கிள்களில் பெரும்பாலும் அதற்குப் பதினெட்டுப் பல். பல்லைக் குறைத்தால் வேகம் கூடும், மேட்டில் உயிர் போகும். பல்லைக் கூட்டினால் மேடு இளகும், சமதளத்தில் கால் வெட்டியாகச் சுற்றும். அவ்வளவுதான் விஷயம். இந்த அவ்வளவுதானை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தன் அம்பது சொச்சம் வயதையும் குறைவில்லாமல் செலவழித்திருந்தார்.

ரயில்வே ஸ்டேஷனிலிருந்து மலைப்பாதைக்குப் போகிற வழியில், நான் வாடகைக்கு இருந்த மாடிக்கு நேர் எதிரே அவர் கடை. பலகை கிடையாது. ஒரு கம்பி வளையத்தில் ஃப்ரீவீல்களை முறுக்கு மாதிரிக் கோத்து வாசலில் தொங்கவிட்டிருப்பார். அதில் ஆகப் பெரியது இருபத்திரண்டு பல். யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கழற்றிக் காட்டுவார். அதனால் ஊர் அவருக்கு அந்தப் பெயரை வைத்தது. பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று கேட்டால் ரேஷன் கார்டைப் பார்க்கணும் என்பார்.

பதிலுக்கு அவரும் ஊருக்குப் பெயர் வைத்திருந்தார். வாசலில் உட்கார்ந்து ஸ்போக்ஸ் கம்பியை இறுக்கிக்கொண்டே, போகிற வருகிறவர்களைப் பற்றிச் சொல்வார்.

"அதோ போவுதே, அது பதினாறு. அவசரம். பின்னால வருது பாரு, இருபது. பாவம், மூணு பொண்ணு. இந்தாண்ட ஓரமா போறவரு பதினெட்டு மாட்டிகினு போற இருபது. முட்டி வலி வந்து ஆவணி மாசம் என்னாண்ட வருவாரு."

ஆவணியில் அந்த மனிதர் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். நானே பார்த்தேன்.

ஒரு சைக்கிளுக்கு எத்தனை பல் என்று முடிவுசெய்ய அவர் சைக்கிளைப் பார்ப்பதில்லை. ஆளைப் பார்ப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவ்வளவு விசாரணை நடக்காது. வீடு எந்தத் தெரு, வேலை எங்கே, காலையில் இட்லியா கூழா, வழியில் எதிர்க்காற்று உண்டா, கேரியரில் உட்காருவது யார், அவர் எடை என்ன, அவரோடு இப்போது பேச்சுவார்த்தை உண்டா. இத்தனையும் கேட்டுவிட்டு, "சரி, நீங்க போங்க, நான் பின்னால வர்றேன்" என்பார். தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வாடிக்கையாளருக்குப் பின்னால் நாலு தெரு எட்டி எட்டி நடந்து வந்து, மிதியை எண்ணுவார். முதல் தடவை அனுபவிக்கிறவர்கள் கடன்காரன் துரத்துவதாக நினைத்து இன்னும் வேகமாக மிதிப்பார்கள். அந்தக் கணக்கு செல்லாது. மறுநாள் மறுபடி எண்ண வேண்டும்.

பால்காரர் ஏழுமலைக்கு அவர் செய்தது தனிக் கதை. கேன் நிறையப் பாலோடு மேட்டில் ஏறிப் போகிறவர், திரும்பும்போது வெறும் கேனோடு இறங்குகிறார். ஒரே ஆளுக்கு இரண்டு விதமான கால் என்று இவர் தீர்ப்புச் சொன்னார். எங்கிருந்தோ ஒரு பழைய பின்சக்கரம் தேடி வந்தார். இரண்டு பக்கமும் ஃப்ரீவீலைத் திருகி மாட்ட மரை உள்ள சக்கரம். ஒரு பக்கம் இருபத்திரண்டு, இன்னொரு பக்கம் பதினாறு. போகும்போது ஒரு பக்கம், வரும்போது சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி இன்னொரு பக்கம். ஏழுமலை தினமும் பாதி வழியில், சாலையோரம் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரம் திருப்பினார். மிச்சமான நேரத்தைவிடத் திருப்பின நேரம் அதிகம். ஆனால் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள், அவர்களுக்கு விளக்கம் சொல்வதில் ஏழுமலைக்கு ஒரு கம்பீரம் வந்தது. அந்த வருடம் எங்கள் தெருவுக்குப் பால் எப்போதும் தாமதம்தான்.

எல்லோருக்கும் நம்பர் சொன்னவர் எனக்கு மட்டும் சொல்லவில்லை. நான் ஊர் ஊராக வீடு மாற்றுகிறவன். அவர் கடைக்கு எதிரே வந்தபோது அது என் பதினோராவது வாடகை வீடு. காலையில் மலைப் பக்கம் போவேன், திடீரென்று ஏரிக்கரைக்குத் திருப்புவேன், மேகம் ஒரு மாதிரி நின்றால் நானும் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவேன். என் சைக்கிளும் பழசு. அவரிடம் கொண்டுபோனேன். மூன்று நாள் பின்னால் நடந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க காலு எங்க போவும்னு உங்களுக்கே தெரியல சார். நான் இன்னாத்த மாட்டுறது? இருக்கிறதே இருக்கட்டும். பாக்கலாம்."

"உங்க சைக்கிளுக்கு எத்தனை பல் அண்ணே?"

அவர் சைக்கிளில் சங்கிலியே கிடையாது. அதை அவர் ஓட்டி ஒருவரும் பார்த்ததில்லை. நான் பார்த்தவரை அது தள்ளுவதற்கான வண்டி.

"எனக்கு எவன் கணக்கு போடுவான்? பின்னால நடந்து வந்தாதான் சார் காலு தெரியும். என் பின்னால நானே எப்பிடி நடக்கிறது?"

இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது போல அவர் முகம் இருந்தது. நான் சிரிப்பை மாடிக்குக் கொண்டுபோய்ச் சிரித்தேன்.

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் பொதட்டூர்பேட்டையிலிருந்து முனிரத்தினம் வந்தான். கைத்தறி நெசவாளி, நாற்பது வயது, தோளில் தானே நெய்த லுங்கித்துண்டு. கூட அவன் மனைவி தனலட்சுமி. இருவருக்கும் நடுவில், அவன் மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்த சைக்கிள்.

விஷயம் இது. போன வருடம் தனலட்சுமி காய்ச்சலில் விழுந்து, இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு கட்டத்தில் அவளுக்குப் புருஷன் முகமே தெரியவில்லை. முனிரத்தினம் வராந்தாவில் நின்று முருகனுக்கு வேண்டிக்கொண்டான். மொட்டை, காவடி, பால்குடம் எல்லாம் வெவ்வேறு காரணங்களுக்காக முன்பே நேர்ந்து தீர்ந்துபோயிருந்தன. புதிதாக என்ன சொல்வதென்று தெரியாமல் நிமிர்ந்திருக்கிறான். எதிரே ஸ்டாண்டில் அந்த சைக்கிள். உடனே வாய் சொல்லிவிட்டது: இவ பொழைச்சா, மாமனார் குடுத்த இந்த சைக்கிள்ல, காலு தரையில படாம உன் மலை ஏறி வர்றேன்.

அவள் பிழைத்தாள். அவன் இரண்டு முறை முயன்றான். இரண்டு முறையும் இரண்டாவது வளைவிலேயே கால் தரைக்கு வந்துவிட்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். "சாமி கோவம் தணிஞ்ச ஊருதானேம்மா இது. கொஞ்சம் அனுசரிச்சிக்காதா?" என்றேன்.

தனலட்சுமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தணிஞ்ச கோவத்த நாம எதுக்கு சார் கெளப்பணும்?"

பிறகு இருபத்திரண்டின் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஒண்ணும் இல்ல நைனா, நல்லாத்தான் இருக்கிறேன். ஆனா நான் ஒரு தும்மல் போட்டா இவரு அந்த சைக்கிள பாக்கிறாரு. தலவலின்னு படுத்தா ராத்திரியெல்லாம் உக்காந்துகினு இருக்கிறாரு. வீட்ல தும்மக்கூட பயமா கீது. இத முடிச்சி உட்டுடுங்க."

இருபத்திரண்டு வளையத்திலிருந்து பெரியதைக் கழற்றினார். அன்று அவர் கேள்வி ஒன்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் தப்பு.

அந்த இருபத்திரண்டு பல்லை மட்டும் மாட்டிக்கொண்டு போனதில் மூன்றாவது வளைவு வரைக்கும் ஏறினான். அங்கே நாக்கு வெளியே வந்தது, காலும் தரைக்கு வந்தது. கூட நடந்த நாங்களும் திரும்பினோம். இறங்கி வரும் வழியெல்லாம் இருபத்திரண்டு தன் சைக்கிளின் மணியைத் தேவையில்லாமல் அடித்துக்கொண்டே வந்தார்.

பின்னால் இருப்பதை இதற்கு மேல் பெரிதாக்க முடியாது. முன்னால், பெடல் பக்கம் இருக்கிற பெரிய பல்சக்கரத்தைச் சின்னதாக்கலாம். அதற்கு நாற்பத்து நாலு பல். குழந்தைகள் ஓட்டும் சைக்கிளிலிருந்து இருபத்தெட்டுப் பல் உள்ளதை எடுத்து மாட்டினார். இப்போது மேடு வெண்ணெயாக இளகியது. அளவுக்கு மீறி இளகியது. முனிரத்தினம் வேர்க்காமல் மிதித்தான், சைக்கிள் நகர்கிற மாதிரித் தெரியவில்லை. கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர் அவனைத் தாண்டிப் போனார். போகலாமா நிற்கலாமா என்று சைக்கிள் சற்று நேரம் யோசித்தது, யோசித்தபடியே சாய்ந்தது. மறுபடி கால்.

"பாவா, விடு, அப்புறம் பாக்கலாம்" என்றாள் தனலட்சுமி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இருபத்திரண்டு சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "சைக்கிள பாத்துட்டேன் சார். ஆள பாக்கல" என்றார்.

வரலாற்றில் முதல் தடவையாக அடுத்த ஞாயிறு கடை மூடியிருந்தது. அவர் பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் இருந்தார். விஷயம் என்னவென்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது என்பதால் நானும் இருந்தேன்.

முனிரத்தினத்தின் வீட்டில் பாதி தறி, மீதியில் குடும்பம். தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து அவன் நெய்தான். வந்தவர்கள் துணியைப் பார்ப்பார்கள், நிறத்தைப் பார்ப்பார்கள். இருபத்திரண்டு தரையில் குப்புறப் படுத்துக் குழிக்குள் தலையை நீட்டி அவன் காலைப் பார்த்தார். இடது மிதி, குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடும் சத்தம், வலது மிதி, மறுபடி நாடா. டக்கு, டக்கு. அந்தக் கால்களுக்கு அவசரமே இல்லை, ஓய்வும் இல்லை. குழியின் இருட்டில் அவை இரண்டும் ஏதோ பழைய பேச்சைப் பேசிக்கொண்டிருப்பது போல இருந்தது.

"ஏன் நிறுத்தின?"

"நூலு அறுந்துட்ச்சி அண்ணே."

"நான் எண்ணிகினு கீறேன்ல? அறுக்காம நெய்யி."

"அது நூலாண்ட சொல்லுங்க" என்றாள் மூலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த தனலட்சுமி. "அவரு சொல்லி அது எந்த நாளு கேட்டுகிச்சி?"

காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் எண்ணினார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது எழுந்து, சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டினார். முகம் தெளிந்திருந்தது.

"ஒரு நிமிசத்துக்கு அறுவது மிதி. காலையிலும் அறுவது, பசி எடுத்தாலும் அறுவது. இவனுக்குப் பலம் போடவும் வேணாம், வேகம் போடவும் வேணாம். இந்த அறுவதுல வண்டி சாயாம ஏறணும், அவ்ளோதான். முன்னால முப்பத்தாறு, பின்னால இருபத்திரண்டு."

முப்பத்தாறு அரக்கோணத்தில் ஒரு பழைய இரும்புக்கடையில் கிடைத்தது, ஒரு லேடீஸ் சைக்கிளின் மிச்சமாக.

கூட்டமில்லாத ஒரு புதன்கிழமை காலை அடிவாரத்தில் கூடினோம். ஹேண்டில்பாரில் ஒரு பை, அதில் தேங்காய், பூ, ஒரு சீப்பு வாழைப்பழம். பால்காரர் ஏழுமலை கேனோடு வந்திருந்தார். தனலட்சுமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றாள். முனிரத்தினம் ஏறினான்.

"மலைய பாக்காத" என்றார் இருபத்திரண்டு. "தறியில உக்காந்துகினு கீறன்னு நெனச்சிக்க."

தனலட்சுமி கூடவே நடந்தாள். நடந்துகொண்டே வாயால் தறி ஓட்டினாள். "டக்கு. டக்கு. டக்கு." நடக்கிறவனைவிட ஒரு சிட்டிகை வேகமாக சைக்கிள் ஏறியது. முதல் வளைவு. இரண்டு. மூன்றாவது வளைவில் நாங்கள் எல்லோரும் மூச்சை நிறுத்தினோம், அவன் மட்டும் விட்டுக்கொண்டிருந்தான். கீழே ஊர் தட்டில் கொட்டிய பொரி போலச் சின்னதாகிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு தன் சைக்கிளைத் தள்ளியபடி பின்னால் எண்ணிக்கொண்டு வந்தார். அவர் உதடு மட்டும் அசைந்தது.

கடைசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு வாழைப்பழத்தைப் பார்த்தது.

அது பைக்குள் கை விட்டு, பழத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தால் முறை. எடுத்துக்கொண்டு கேரியருக்கு வந்து உட்கார்ந்தது. நல்ல வளர்ந்த ஆண் குரங்கு. சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடி இடப் பக்கம் சரிந்தது. முனிரத்தினத்தின் இடது கால் பெடலை விட்டு இறங்கியது. தரைக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண்.

தனலட்சுமி தோளைக் கொடுத்தாள். அவன் கை அவள் தோளில் விழுந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கனத்தோடு மூன்று அடி நடந்தாள். கால் மேலே போய்ப் பெடலைப் பிடித்தது.

"கை பட்டுட்ச்சே" என்றார் ஏழுமலை.

"காலுதான் கணக்கு" என்றாள் அவள், திரும்பாமலே. "கைய பத்தி அவரு ஒண்ணும் சொல்லல. மிதி பாவா. டக்கு. டக்கு."

பின்னாலிருந்து ஒரு குரல் ஓடி வந்தது. "குரங்கு கணக்குல இல்ல. யாராச்சும் அத எறக்குங்க. குரங்கு கணக்குல இல்ல." நான் அங்கே இருந்த இரண்டு வருடத்தில் இருபத்திரண்டு ஓடி நான் பார்த்தது அன்றுதான். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். கிட்டே போனால் குரங்கு பல்லைக் காட்டியது. அதற்கும் அவர் நம்பர் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

குரங்கு இறங்கவில்லை. பழத்தை உரித்து, தோலை அவர் மேல் போட்டு, சாவகாசமாகத் தின்றுகொண்டே மலை ஏறியது. முனிரத்தினம் திரும்பியே பார்க்கவில்லை. அவன் தறியில் இருந்தான். உச்சிக்கு வந்ததும் குரங்கு டிக்கெட் எடுத்த பயணி மாதிரி இறங்கிப் போயிற்று. மலை எங்கே முடிகிறது என்பதில் சந்தேகம் வந்து, அவன் வண்டி நிறுத்துமிடத்தை இரண்டு சுற்றுச் சுற்றினான்.

"போதும் பாவா, எறங்கு" என்றாள் தனலட்சுமி.

அவன் காலை ஊன்றினான். ஒரு வருடமாகத் தரையில் படாத கால் போல அதை மெதுவாக வைத்தான். அவள் உடனே ஒரு தும்மல் போட்டாள். வேண்டுமென்றேதான். அவன் சைக்கிளைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்தான்.

எல்லோரும் சாமி பார்க்கப் போனார்கள். இருபத்திரண்டு மட்டும் என்னோடு வெளியே, கேரியரைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஏழு கிலோ இருக்குமா சார் அது?"

"இருக்கும் அண்ணே."

"அப்போ என் கணக்குல எங்கியோ ஒரு பல்லு மிச்சம் இருந்திருக்குது. எனக்கே தெரியாம." அதை அவர் சந்தோஷமாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்று இன்றுவரைக்கும் எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு யார் வந்தாலும், விசாரித்து, பின்னால் நடந்து, எண்ணி முடித்து, வந்த நம்பரோடு ஒரு பல் கூட்டியே மாட்டினார். இது எதற்கு என்று கேட்பார்கள். "குரங்குக்கு" என்பார். மேற்கொண்டு விளக்கம் கிடையாது. முனிரத்தினத்தின் கதை தெரியாத வெளியூர்க்காரர்கள் பைசா கொடுத்துவிட்டு வேகமாகப் போய்விடுவார்கள்.

சித்திரையில் எனக்கு வழக்கமான நமைச்சல் வந்தது. அரக்கோணத்தில் பன்னிரண்டாவது வீடு பார்த்துவிட்டேன். அந்தக் கடைசி வாரம் நான் எங்கே போனாலும் பின்னால் ஒரு சைக்கிள் தள்ளிக்கொண்டு வரப்பட்டது. திரும்பினால் அவர் வானத்தைப் பார்ப்பார்.

சாமான் ஏற்றுகிற அன்று காலை, ஓவராயிலிங் பண்ணித் தருகிறேன் என்று என் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனார். டெம்போ கிளம்பும்போதுதான் கொண்டுவந்தார். அவர் கையிலிருந்து வாங்கி முன்னால் ஒரு அடி தள்ளினேன். டிக்கிடிக்கி என்ற சத்தம் மாறியிருந்தது. குனிந்து எண்ணினேன்.

"எனக்கு நம்பரே கிடையாதுன்னு சொன்னீங்களே அண்ணே."

"முந்தாநேத்து வந்துட்ச்சி. பத்தொம்பது."

"இதுல இருபது இருக்குது. ஒண்ணு குரங்குக்கா?"

டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். இருபத்திரண்டு கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார்.

"உங்களுக்கு எதுக்கு சார் தனியா ஒரு குரங்கு. அது திரும்பி வர்றதுக்கு. அரக்கோணத்துலேர்ந்து இங்க வர்ற வழி மேடு."